மீறான் சாகிபு பேசியதாக வந்த செய்தி

பாளையங்கோட்டை,
8-1-1917

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, தங்கை கெசியா ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். பனிக்காலத்தில் உங்களுக்கு வரும் இருமல் இந்த வருஷம் எப்படி?

கிறிஸ்துமஸுக்கு வருவீர்கள் என்று பார்த்திருந்தோம். நீங்கள் மிஷன் பள்ளி வேலையை விட்டுவிட்டுச் சென்னைப் பத்திரிகைக்குப் போன நாளிலிருந்து, இந்த நாலு வருஷமாக, அப்பா உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. ஆனால் உங்கள் பத்திரிகையான 'லோக சமாசார'த்துக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தவும் இல்லை. தபால்காரர் கொடுத்ததும் தந்திப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார். இங்கிலீஷ் தந்திகளைத் தமிழாக்குவது நீங்கள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாததுபோல் நான் இருந்துகொள்வேன்.

செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் முடிந்ததும் மேலப்பாளையத்துக்கு வண்டியில் போய் வீட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? அங்கே ஜமீலா பீவி என்று ஒருத்தி. கைத்தறித் துணி வியாபாரி காஜா மீறான் சாகிபுவின் மனைவி. பாடப் புத்தகம் அவளுக்குச் சலித்துவிட்டது, பத்திரிகை கொண்டுவா என்கிறாள். லக்னோ செய்தியை வாசித்துக் காட்டினேன். காங்கிரஸும் முஸ்லிம் லீகும் ஒரே திட்டத்துக்குச் சம்மதித்தன என்று எழுதியிருந்தீர்கள். உடனே அவள், "சம்மதிச்சாவன்னா, யாரு போய் யாருகிட்டச் சொன்னாவ? எங்க வீட்டுக்காரவுகள யாரும் கேக்கலியே" என்றாள். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியை மிஸ்ஸியம்மா வாசித்துவிட்டுத் தரும் இங்கிலீஷ் பத்திரிகையில், வங்காளத்திலும் பஞ்சாபிலும் சிலர் இந்தத் திட்டத்தை ஒப்பவில்லை என்று கண்டேன். உங்கள் பத்திரிகையில் அது இல்லை. இடம் போதவில்லையா? இன்னொன்றும் கேட்கவேண்டும். இந்துக்கள் ஒரு பக்கம், மகமதியர் ஒரு பக்கம், இருவரும் சேர்ந்தார்கள் என்றால், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எந்தப் பக்கம்?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
கெசியா


சென்னை, சிந்தாதிரிப்பேட்டை,
19-1-1917

பிரியமுள்ள தங்கை கெசியாவுக்கு, அண்ணன் ஞானசிகாமணி வாழ்த்துகளுடன் எழுதுவது. இருமல் கொஞ்சம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்து இரண்டு தடவை வாசித்தேன். லக்னோவிலிருந்து நாலு நாளாகத் தந்தி கொட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சூரத் காங்கிரஸில் பிரிந்துபோன மிதவாதிகளும் தீவிரவாதிகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள் என்று ஒரு தந்தி. லீக்கும் காங்கிரஸும் ஒத்துக்கொண்டன என்று இன்னொன்று. அந்த ஒப்பந்தத்துக்கான இங்கிலீஷ் சொல்லுக்கு நான் 'உடன்படிக்கை' என்று எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'ஐக்கியம்' என்று போட்டார். 'உடன்படிக்கை' என்றால் நிலம் வாங்கி விற்பதுபோல் இருக்கிறதாம். யோசித்துப் பார்த்தால் அது அப்படித்தான் நடந்தது. எந்த மாகாணச் சட்டசபையில் மகமதியருக்கு எத்தனை இடம் என்று உட்கார்ந்து பேசினார்கள். நம் மாகாணத்தில் நூற்றுக்குப் பதினைந்து என்று முடிவானது. ஒப்பாதவர்களைப் பற்றிய வரி என் மேஜைக்கு வந்தது. அச்சுக்குப் போகவில்லை.

நாம் எந்தப் பக்கம் என்று கேட்டாய். கட்டி வைத்திருந்த தந்திகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அத்தனையையும் என் கையால் தமிழாக்கினேன், இது என் கண்ணில் படவே இல்லை.

ஜமீலா பீவி கேட்பதையெல்லாம் எனக்கு எழுது. இங்கே எங்களிடம் கேள்வி கேட்பவர்கள் போலீஸார் மட்டும்தான்.

அப்பாவுக்கு என் நமஸ்காரம். வாங்கிக்கொண்டால் சொல்லு.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை,
6-3-1917

அன்பான அண்ணனுக்கு, கெசியா எழுதுவது. கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் நமஸ்காரத்தைச் சொன்னேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் 'லோக சமாசார'த்தில் எங்கள் ஊர் பெயரைக் கண்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம். திருநெல்வேலி டவுனில் லக்னோத் திட்டத்தை ஆதரித்துக் கூட்டம் நடந்ததாகவும், இந்துக்களும் மகமதியரும் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருந்ததாகவும், தீர்மானத்தை ஆமோதித்து மேலப்பாளையம் காஜா மீறான் சாகிபு உருக்கமாகப் பேசியதாகவும் போட்டிருந்தது. ஜமீலா பீவிக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று அதை மடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசித்து முடித்ததும் அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "இன்னொருக்கா வாசிங்க டீச்சரம்மா" என்றாள். வாசித்தேன். "எங்க வீட்டுக்காரவுக அங்கன பேசவே இல்லியே" என்றாள்.

நடந்தது இது. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் வக்கீல் முத்துசுப்பிரமணிய பிள்ளை. அவர் அழைத்ததன்பேரில் மீறான் சாகிபு இன்னும் சில வியாபாரிகளோடு வண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கூட்டம் வைத்திருந்ததோ கோயிலைச் சேர்ந்த மண்டபத்தில். படியேறப் போனவர்களைக் காவலாள் மறித்து, இதற்குமேல் நீங்கள் வரக்கூடாது என்றிருக்கிறான். இவர்கள் தெருவிலேயே நின்றிருக்கிறார்கள். உள்ளே பேசுவது கேட்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. பொழுது சாய்ந்து தொழுகை நேரம் ஆனதும் திரும்பிவிட்டார்கள்.

யார் எழுதிய செய்தி இது, அண்ணன்? மண்டபத்துக்குள் நுழையாத மனுஷர் எப்படி உருக்கமாகப் பேசினார்? எனக்குக் கோபம் இல்லை. எப்படி இது நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

கெசியா


சென்னை,
15-3-1917

அன்புள்ள கெசியாவுக்கு, நான் நலம். அப்பாவும் நீயும் சுகமாயிருப்பீர்களென்று நம்புகிறேன்.

வக்கீல் முத்துசுப்பிரமணிய பிள்ளைதான் அந்தப் பக்கத்து நிருபர். அவர் கையெழுத்திலேயே வந்த செய்தி அது. தபால் வண்டியைப் பிடிக்கவேண்டும் என்பதற்காகக் கூட்டத்தன்று காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டார் என்று நினைக்கிறேன். வருகிறேன் என்றவர் வருவார், பேசுகிறேன் என்றவர் பேசுவார் என்று எழுதியிருப்பார். தப்பு நினைத்துச் செய்ததல்ல.

ஆசிரியரிடம் சொல்லித் திருத்தம் போடச் செய்கிறேன். மீறான் சாகிபுவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை,
2-4-1917

அன்பான அண்ணனுக்கு, கெசியாவின் ஸ்தோத்திரம். எனக்குச் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வீங்கி நாலு நாளாய்ப் படுக்கை, இன்று எழுந்து நடக்கிறார்.

திருத்தம் வருமென்று தினமும் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடுகிறேன். இன்னும் காணோம். இங்கே காரியம் முற்றிக்கொண்டிருக்கிறது. மீறான் சாகிபு வீட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, என்ன பேசினீர், யார் எழுதிக்கொடுத்தது என்று விசாரித்திருக்கிறார். நான் பேசவே இல்லை என்று அவர் சொன்னால், அச்சில் வந்திருக்கிறதே என்று காட்டுகிறார்களாம். மேலப்பாளையத்திலோ, உங்களைப் படியில் நிறுத்தியவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டீரா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களும் பத்திரிகையைத்தான் நம்புகிறார்கள். கூட நின்றவர்களே இப்போது, ஒருவேளை இவர் மட்டும் பின்னால் போய்ப் பேசினாரோ என்கிறார்களாம்.

சர்க்காருக்கு வேண்டிய பத்திரிகை ஒன்று இருக்கிறதல்லவா? அதன் ஆள் ஒருவர் மீறான் சாகிபுவிடம் வந்து, நீங்கள் மறுத்து இரண்டு வரி எழுதிக்கொடுங்கள், நாளைக்கே போடுகிறோம் என்றாராம். ஜமீலா பீவி என்னைக் கேட்டாள்: "உள்ளதச் சொன்னாப் போட மாட்டேங்குதாவ ஒருத்தர். உள்ளதுக்கு மேல போடுதேங்கிறாவ இன்னொருத்தர். நாங்க எங்கன போய்ச் சொல்ல?"

அவர்கள் என்ன தலைப்புப் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 'திருநெல்வேலி மகமதியர் மறுப்பு' என்றுதான் வரும். அவர் மறுப்பது திட்டத்தை அல்ல, பேசியதை. அந்த வித்தியாசம் அச்சில் நிற்குமா? நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் எழுதுங்கள்.

கெசியா


பாளையங்கோட்டை,
30-4-1917

அன்பான அண்ணனுக்கு, கெசியா எழுதுவது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கும் உங்களிடமிருந்து ஒரு கார்டு வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இந்தக் கடிதம் கண்டதும் 'சுகம்' என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

மீறான் சாகிபு அந்தப் பத்திரிகைக்கு எழுதிக்கொடுக்கவில்லை. நேரே வக்கீல் வீட்டுக்குப் போனார். கூடப் போனவர் சொன்னதை ஜமீலா பீவி அப்படியே எனக்குச் சொன்னாள்.

"நான் சொல்லாததச் சொன்னதாப் போட்டுட்டீரே" என்று இவர் கேட்டிருக்கிறார்.

வக்கீலுக்கும் கோபம். "வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தது நீர்தானவே. நான் எழுதினது எழுதினபடி நிக்கட்டும், ஒம்ம மானமும் போக வேண்டாம்னு வாயத் தொறக்காம இருக்கேன்."

"வரலியா? பொழுது சாயுற மட்டும் ஒம்ம மண்டபத்துப் படிக்குக் கீழ நின்னுட்டுப் போனேன்."

வக்கீல் எழுந்து நின்றுவிட்டாராம். அவருக்கு இது தெரியவே தெரியாது. இவர்கள் வரவில்லை என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பேசினார் என்று அச்சில் வந்துவிட்டபடியால், ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை, ஏன் உள்ளே விடவில்லை என்று இவரும் கேட்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து வக்கீல் தம் கையால் திருத்தம் எழுதி உங்கள் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறார். வந்து சேர்ந்ததா?

இன்னொரு விஷயம் எழுத வேண்டும். நேற்று அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "இது அவன் தமிழ் இல்ல" என்றார். எது என்றேன். "தந்திதான். ரெண்டு வாரமா வேற எவனோ எழுதுதான். அவன் 'பிரஸ்தாபித்தார்'னு எழுத மாட்டான், 'சொன்னார்'னு எழுதுவான்." அதன் பிறகு சாப்பிட வரவில்லை.

நானும் எடுத்துப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி.

கெசியா


சென்னை, வேப்பேரி,
14-5-1917

பிரியமுள்ள தங்கைக்கு, ஞானசிகாமணி வாழ்த்துக் கூறி எழுதுவது. சுகம். கடிதம் தாமதமானதற்கு வருத்தம். ஜாகை மாறியிருக்கிறேன், இனிமேல் மேலே கண்ட விலாசத்துக்கு எழுது. காற்றோட்டமான அறை. பக்கத்தில் கோயில் மணி கேட்கிறது, நம்முடைய கோயில் மணி. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லலாம்.

இங்கே வெயில் கடுமை. பாபநாசத்துப் பக்கம் கோடை மழை உண்டா? ஆற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது? பள்ளிக்கூடம் விடுமுறைதானே, நீ கொஞ்சம் ஓய்வெடு.

மீறான் சாகிபுவும் வக்கீலும் பேசிக்கொண்டது பற்றி எழுதியிருந்தாய். அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல முடியாது. அவர்கள் இன்னமும் பேசிக்கொள்கிறார்களா?

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை,
23-6-1917

அன்பான அண்ணனுக்கு, கெசியாவின் ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மேற்கே மழை பிடித்துவிட்டது. ஆற்றில் செந்தண்ணீர் வருகிறது, கல் மண்டபம் பாதி முழுகிவிட்டது. சீவலப்பேரிப் பக்கம் கார் நெல் நடவு தொடங்கிவிட்டதாம்.

வேப்பேரி வந்த காரணத்தை நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கப்போவதும் இல்லை. ஆனால் வக்கீல் முத்துசுப்பிரமணிய பிள்ளை போன வாரம் சென்னைக்குப் போய்த் திரும்பினார். அவர் மீறான் சாகிபுவிடம் சொல்ல, மீறான் சாகிபு ஜமீலாவிடம் சொல்ல, அவள் என்னிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். திருத்தம் 'லோக சமாசாரம்' ஆபீஸுக்கு ஏப்ரலிலேயே வந்ததாம். இரண்டு சமூகமும் சேர்ந்த வேளையில், சேரவில்லை என்று நாமே போடுவதா, எதிரிக்கு வாய்க்கு அவல் கொடுப்பதா என்று ஆசிரியர் மறுத்தாராம். அந்த ஆபீஸில் ஒருவர் மாத்திரம், போட்டால்தான் இனி நாம் எழுதுவதை ஜனங்கள் நம்புவார்கள் என்று நின்றாராம். பிறகு அவர் அங்கே இல்லையாம். அவர் பெயர் வக்கீலுக்குத் தெரியவில்லை. திருநெல்வேலிக்காரர் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்.

இதை அப்பாவிடமும் சொன்னேன், பெயர் இல்லாமலே. கேட்டுவிட்டு வெளியே போய்த் தென்னைக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பேசிக்கொள்கிறார்கள். சென்னையில் சுயாட்சி கேட்டுவந்த அந்த வெள்ளைக்கார அம்மையாரைக் காவலில் வைத்த பிறகு டவுனில் எல்லோருக்கும் வேகம் வந்திருக்கிறது. மறுபடி ஒரு கூட்டம் வைக்கவேண்டும் என்கிறார் வக்கீல். மீறான் சாகிபு, நான் பேசுகிறேன், ஆனால் யாரும் யாரையும் மறிக்க முடியாத இடமாக இருக்கவேண்டும் என்றிருக்கிறார். நோன்பு முடிந்ததும் ஆற்றங்கரைப் பொட்டலில் வைக்கப்போகிறார்கள்.

எனக்குப் போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது. போகலாமா?

கெசியா


வேப்பேரி,
4-7-1917

என் அன்புத் தங்கைக்கு, உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமாகவே இருக்கிறேன். ஒரு அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறேன். பள்ளிக் கணக்குப் புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம், 'ஜன போதம்' என்று ஒரு சின்ன வாரப் பத்திரிகை, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

போகலாமா என்று கேட்கிறாய். உங்கள் பள்ளிக்கூடம் சர்க்கார் மானியத்தில் நடக்கிறது. ராஜீயக் கூட்டத்துக்குப் போன வாத்திச்சி என்று யாராவது மிஸ்ஸியம்மாவிடம் சொன்னால் வேலைக்கு ஆபத்து. அப்பாவுக்கும் அது பிடிக்காது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லவேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

போனால், நடந்ததை எனக்கு எழுது. நீ பார்த்ததை எழுது, கேட்டதை எழுது. கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுது.

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை,
7-8-1917

அன்பான அண்ணனுக்கு, கெசியா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் சுகம். சனிக்கிழமை போனேன். ஜமீலா பீவிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவதாக அப்பாவிடம் சொன்னேன். அவளுடைய வண்டியில் உட்கார்ந்துதான் போனேன் என்பதால் அது முழுப் பொய் இல்லை.

கூட்டத்தின் செய்தியைத் தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதில் எழுதாதவற்றை உங்களுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பொட்டலில் ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திரை போட்ட வண்டிகள் ஓரமாக நின்றன. எங்கள் வண்டிக்கு அடுத்தது வக்கீல் வீட்டு வண்டி. அதில் அவர் மனைவி ருக்கு அம்மாள். முதலில் இரண்டு திரையும் மூடியே கிடந்தன. பேச்சு காற்றில் பாதி அடித்துக்கொண்டு போனது. ருக்கு அம்மாள் திரையை விலக்கி, "ஒங்களுக்காவது கேக்குதா?" என்றார்கள். ஜமீலாவும் திரையை விலக்கினாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் கேட்ட துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டோம்.

வக்கீல் எழுந்ததும் முதல் காரியமாக, போன கூட்டத்தில் மீறான் சாகிபு பேசியதாக எழுதியது தாமே என்றும், அவர் அன்று படிக்கு வெளியே நின்றார் என்றும், அது தமக்குத் தெரியாமல் போனது என்றும் உரக்கச் சொன்னார். டவுன்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு மீறான் சாகிபு பேசினார். உருக்கமாக ஒன்றுமில்லை, அண்ணன். துணி விலை சொல்வதுபோல் பேசினார். "எங்களுக்குத் தனி இடம் எதுக்குன்னு கேக்குதிய. இடம் இல்லாம நின்னு பாத்தவன் நான். அதான் கேக்கேன்." ஒரு பக்கத்தில் கை தட்டினார்கள், ஒரு பக்கத்தில் தட்டவில்லை. டவுனில் பெரிய கடை வைத்திருக்கும் இருவர் எழுந்து போய்விட்டார்கள். பேட்டையிலிருந்து வந்த நெசவாளி ஒருவர், சுயாட்சி வந்தால் நூல் விலை இறங்குமா என்றார். தெரியாது என்று வக்கீல் சொன்னார். தெரியாது என்று ஒரு வக்கீல் சபையில் சொல்லி நான் கேட்டதில்லை.

நாம் எந்தப் பக்கம் என்று உங்களிடம் ஜனவரியில் நான் கேட்டதை ஜமீலாவிடமும் ஒரு நாள் சொல்லியிருந்தேன். அவள் வண்டிக்காரர் இசக்கியிடம் ஏதோ சொல்லியனுப்பினாள். அவர் போய் மீறான் சாகிபு காதில் சொன்னார். மீறான் சாகிபு எழுந்து, "இன்னொரு கேள்வி வந்திருக்கு. பாளையங்கோட்டை வேதக்காரங்களுக்கு இந்தத் திட்டத்துல இடம் எங்கன?" என்று கேட்டார். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.  வக்கீல், "அத லக்னோவுல யாரும் கேக்கல. நாம கேட்டு எழுதலாம்" என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. கையைத் தூக்காதவர்களும் உண்டு. அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் மேலிடத்துக்கு எழுதப்போகிறார்கள்.

காகிதத்தில் என் பெயர் போடவில்லை.

கெசியா


வேப்பேரி,
21-8-1917

பிரியமுள்ள கெசியாவுக்கு, சுகம், சுகம் அறிய ஆவல். உன் செய்தி இந்த வாரம் 'ஜன போத'த்தில் வருகிறது. 'ஒரு நிருபர்' என்று போட்டிருக்கிறேன். எழுந்து போனவர்கள், கை தூக்காதவர்கள், தெரியாது என்று சொன்ன வக்கீல், எல்லோரும் இருக்கிறார்கள். ஆசிரியர் கடைசியில் 'ஐக்கியம் ஓங்குக' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்றார். நிருபர் அப்படி எழுதவில்லை என்றேன். சரி என்றுவிட்டார்.

வந்ததும் ஒரு பிரதி வீட்டுக்கு அனுப்புகிறேன். மேல்விலாசம் அப்பா பெயருக்கு எழுதிவைத்திருக்கிறேன். 

ஞானசிகாமணி


பாளையங்கோட்டை,
29-8-1917

அன்பான அண்ணனுக்கு, தங்கை கெசியா எழுதுவது. இருவரும் சுகம்.

பத்திரிகை திங்கட்கிழமை வந்தது. அப்பா மேல்விலாசத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். சுற்றியிருந்த தாளைக் கிழிக்காமல் பசையைப் பைய உரித்து எடுத்தார். நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். 

கொஞ்ச நேரம் கழித்து, "எழுதினவன் அங்கன நின்னிருக்கான்" என்று சொன்னார்.  வேதக்காரர்களைப் பற்றிய கேள்வி வந்த இடத்தை உரக்க வாசித்தார். அதை இரண்டாவது தடவையும் வாசித்தார். இந்தக் கேள்வியை நம் சபைச் சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லையே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. முடித்துவிட்டார் போலும் என்று நினைத்தேன்.

"ஏட்டி கெசியா, இங்கன வா" என்றார்.

போய் நின்றேன். ஒரு வரியில் விரலை வைத்திருந்தார். 'பெண்களின் வண்டிகள் நின்ற இடத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை' என்ற வரி. அதை நான் எழுதினேன் என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"வண்டிக்குள்ள கேக்கலைங்கறது ஆம்பிளைக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

 வேலை போய்விடும், சபையில் பேச்சாகிவிடும், உன் அண்ணன் ஒருவன் போதாதா என்று எல்லாம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். மிஸ்ஸியம்மாவிடம் என்ன பதில் சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த கூட்டத்துல முன்னால போய் நில்லு" என்றார். "நான் கூட வாரேன்."

இங்ஙனம், உங்கள் தங்கை,
கெசியா அருமைநாயகம்